வெண்டலின் பாட்டுக்குள் காலியாக இருக்கும் கைத்தட்டு

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் பாதிரியார் ஹால்வர்சன் அவர்களே! வெள்ளிக்கிழமை மீன் விருந்தையே நிறுத்திவிட்டுத் தன் பௌலிங் கூடத்தின் பின்மண்டபத்தை நமக்குக் கொடுத்த ஆர்வில் சாஸ்ட்ரோ அவர்களே! முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வெண்டலின் மனைவி கேரல் ஆன் அவர்களே! அந்த ஹாம் ரொட்டி காய்வதற்குள் இவள் பேச்சை முடிப்பாளா என்று பின்மேசையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஷெபாய்கன் ஊர்ப் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் லோரெட்டா விசோக்கி. பகலில் உங்கள் பிள்ளைகளின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறேன். மற்ற நேரத்தில் வெண்டல் க்ருஷ்கியின் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறேன். அடித்தேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

மூன்று நிமிடப் பாட்டின் முடிசூடா மன்னர், இன்னிசைச் செம்மல் வெண்டல் க்ருஷ்கி அவர்கள், செவ்வாய்க்கிழமை மதியம் தம் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர், இவர் என்று சொன்னால் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. எனக்கு அவன் வெண்டல். அப்படியே சொல்கிறேன், பாதிரியார் பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் இங்கே அழ வரவில்லை. அதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டேன். ஒரு வேலையாக வந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெண்டலின் புது ஆல்பம் தயார், கடைசிப் பாட்டில் ஒரே ஒரு குறையைத் தவிர. அந்தப் பாட்டில் ஒரு கூட்டமே சேர்ந்து கைதட்ட வேண்டும். அந்த இடம் காலியாக இருக்கிறது. நாளைக் காலை பதிவு சிகாகோவுக்குப் போகிறது. அதற்குள் கைத்தட்டு வராவிட்டால், கம்பெனிக்காரர்கள் மெஷின் கைத்தட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். விடலாமா? வெண்டல் க்ருஷ்கியின் பாட்டில் மெஷினைத் தட்ட விடலாமா?

என்ன பாட்டு அது என்று சிலர் முழிக்கிறீர்கள். பவர் பாப், ஐயா, பவர் பாப்! கிட்டார் கணகணவென்று ஒலிக்கும். மூன்று பேர் சேர்ந்து குரலை உயர்த்துவார்கள். காதலி கைவிட்டுப் போனதைக்கூடத் துள்ளிக் குதித்துத்தான் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். "லோரெட்டா, சோகத்த மெதுவா பாடினா தூங்கிடுவாங்க. வேகமா பாடு, அழுறதா ஆடுறதான்னு தெரியாம நிப்பாங்க" என்பான் வெண்டல். அப்படிப் பாட்டுக் கட்ட இந்தக் கண்டத்தில் இன்னொருவன் இருக்கிறானா? இருந்தால் கூட்டி வாருங்கள், என் டிரம்ஸைத் தூக்கி அவனுக்கே கொடுத்துவிடுகிறேன்!

ஜப்பானில் ஒரு மனிதர் தன் நாய்க்கு வெண்டல் என்று பெயர் வைத்திருக்கிறார். ஸ்பெயினில் ஒரு மதுக்கடையில் அவன் பாட்டு போட்டால் கடையே சேர்ந்து பாடுகிறதாம். இங்கே? "என்ன வெண்டல், இன்னும் அந்த கிட்டார விடலியா?" இதுதானே நீங்கள் கேட்டது!

அவன் பெயிண்ட் கலந்து கொடுக்கும் கடைக்கு ஒருநாள் நான் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் சமையலறைச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் வாங்க நின்றார். நின்றவர் சீட்டியடிக்கிறார். என்ன பாட்டு? வெண்டலின் பாட்டு! நான் விடுவேனா? "ஏங்க, இது யார் பாட்டு?" என்றேன். "யாருக்குத் தெரியும்? ஏதோ இங்கிலாந்துக்காரன் போட்டதா இருக்கும்" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். வெண்டல் என்னை ஒரு முறை முறைத்தான். டப்பாவை மூடி அவர் கையில் கொடுத்து, "நல்ல பாட்டுங்க" என்றான். அவர் போனதும் எனக்கு வந்ததே கோபம்! "சொல்லித் தொலைச்சா என்னடா?" என்றேன். "அவரு சீட்டியடிச்சாரு லோரெட்டா. அதுக்கு மேல என்ன வேணும்?" என்று சிரித்தான். அந்த மஞ்சள் பெயிண்ட்காரர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கே முகம் சிவந்துவிட்டது.

பன்னில் கறி வைத்துத் தின்னும் நம் பிராட்வர்ஸ்ட் திருவிழாவில் எத்தனை கோடை வாசித்தோம்! ஒரு பாட்டு முடியும். சத்தமே இருக்காது. ஏரியில் கத்தும் பறவைதான் கேட்கும். நான் குச்சியை வீசிவிட்டு இறங்கப் போவேன். அவன் தடுப்பான். "அவங்க கையில பன் இருக்கு, வாயில கறி இருக்கு. காலப் பாரு!" பார்த்தால், மேசைக்கு அடியில் கால்கள் எல்லாம் தாளம் போடும். இந்த ஊரின் மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

இப்போது அந்தக் கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். பதிவு செய்யும் டுவேன், இதோ ஓரத்தில் நிற்கிறார், அன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கினார். பட், பட், பட். எல்லாம் ஒரே அச்சு. வெண்டல் கேட்டான், "இது யாரு கை?"

"யாரோடதும் இல்ல வெண்டல். மெஷின்."

"அப்ப எடுத்துடு."

குழுவில் இருக்கிற நாங்களே தட்டிப் பார்த்தோம். காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொள்வது மாதிரி இருந்தது. ஊரைக் கூப்பிடு என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். ஏன் என்று நேற்றுதான் கேரல் ஆன் எனக்குச் சொன்னாள். "கூச்சம் லோரெட்டா. வாழ்க்கை முழுக்க கைதட்டுக்காகக் காத்திருந்துட்டு, இப்பப் போயி வாங்க, வந்து தட்டுங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னாரு."

அவனால் கேட்க முடியவில்லை. எனக்குக் கூச்சமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நான் கேட்கிறேன்! ஷெபாய்கன் மக்களே, வெண்டலுக்குக் கை தட்டுங்கள்!

என்ன ஆர்வில்? சத்தமாகச் சொல்லு. "நாங்க சர்ச்சுலயே தட்ட மாட்டோம்"ஆ? இது சர்ச் இல்லை ஆர்வில், பின்னால் உன் பௌலிங் பந்து உருள்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. முதலில் போய் அதை நிறுத்து! கிளாடிஸ் அம்மா, உங்களுக்கு என்ன? விரல் மடங்காதா? மடங்க வேண்டாம். உங்கள் கை எப்படி இருக்கிறதோ அப்படியே ஆல்பத்தில் இருக்கட்டும். மெஷினுக்கு விரல் வலிக்குமா?

ஆனால் ஒன்று. உங்களுக்கு போல்கா ஆட்டத்தில் ஊறின உடம்பு. முதல் அடியிலேயே தட்டிவிடுவீர்கள். இங்கே முதல் அடி காலுக்கு, இரண்டாவது அடி கைக்கு. கால், கை. கால், கை. செய்து பாருங்கள். பாதிரியாரே, நீங்களும்தான். ஐயோ, அவசரப்படாதீர்கள்! கால், கை. இன்னொரு தடவை. ஆங், அப்படி! இதைத்தானே இத்தனை நாளாக எதிர்பார்த்தோம்!

வெண்டல், உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். வசந்தத்தில் இந்த ஆல்பம் வெளிவரும். ஒரு பாட்டிலும் ஒரு சுரம் மாறாது. வருகிற கோடையில் இதே ஊர்த் திருவிழாவில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நாங்கள் வாசிப்போம். அடுத்த கோடையிலும் வாசிப்போம். உன் குரல் வரும் இடத்தில் கேரல் ஆன் பாடுவாள். இன்று காலை அவளாகவே வந்து கேட்டாள், நான் சரி என்றேன். சீட்டியடிக்கிற ஒவ்வொருவரிடமும் இது யார் பாட்டு என்று இனி நான் சொல்லித் தொலைப்பேன், நீ முறைத்தாலும் சரி!

டுவேன், மைக்கைப் போடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட்டு மெதுவாகக் கேட்கும். நான் கையை உயர்த்தும்போது தொடங்குங்கள், இறக்கும்போது நிறுத்துங்கள். பாட்டு முடிந்ததும் யாரும் கைதட்டிவிடாதீர்கள். வெண்டலின் கிட்டார் கடைசியாக ஒருமுறை ஒலித்து, மெல்ல மெல்ல அடங்கும். அது முழுக்க அடங்கும்வரை மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது. அவன் பாட்டு முடிந்தபின் சும்மா இருப்பதில்தான் நீங்கள் தேர்ந்தவர்களாயிற்றே!

விளக்கு அணைந்த பிறகு, உங்கள் இஷ்டம்.