யானைத்தோல் போர்த்திய சாமி

“சிவன்கிட்டயும் இந்த நாத்தம்தான் அடிச்சிருக்கும்.”

ஆம்பூரில் ரயில் ஏறிய, தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளி, மனைவியிடம் அப்படிச் சொன்னார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவர்களுடைய பலகையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் எதிர்ப் பலகையில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தேன்.

“கண்ணாலம் ஆகி மொதத் தேரு. குளிச்சிட்டு வாய்யான்னா கேட்டியா? விரிஞ்சிபுரத்துல எங்கம்மா இன்னா நெனைக்கும்?”

“யானையா வந்த அசுரனைச் சாமி உரிச்சாரு. உப்புகூடப் போடாம, பச்சைத் தோலா அப்பிடியே போத்திக்கினாரு. அவரை யாரு கேட்டா?”

“பக்கத்துல நின்ன அம்மன் கேட்டிருப்பா. தேர்ல செதுக்கி வெச்சிருக்கான் பாரு, மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிறா.”

“அது பயத்துல.”

“அசுரன் செத்தப்புறம் இன்னா பயம்? நாத்தம்யா அது.”

அவர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

“சரி, நாத்தம்தான். ஆனா வுட்டுட்டுப் போவலியே. அங்கியேதான நிக்கிறா?”

அவள் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பலகை முழுக்கக் காலியாகக் கிடந்தது. அவள் அவரை ஒட்டியேதான் உட்கார்ந்திருந்தாள்.