முந்திக்கொண்ட கைதட்டல்

— மூக்கை இந்த மெஷின்ல நல்லா ஒட்டி வைங்க சார். ஆடக் கூடாது.

— வெச்சிட்டேன் மேடம்.

— கடைசி வரியைப் படிங்க.

— ட... ப... ம... ய.

— அதுக்குக் கீழ?

— கீழ வரியே இல்லையே மேடம்.

— அச்சடிச்ச ஆளோட பேரு பொடியா இருக்கும் பாருங்க.

— ஓ, அதுவா... அதுவும் தெரியுது.

— அப்புறம் எதுக்கு சார் கண் டெஸ்ட்டுக்கு வந்தீங்க?

— தலைவலி மேடம். மூஞ்சில லைட்டு அடிச்சா...

— என்ன வேலை பாக்கறீங்க?

— ஆபீஸ்தான். பார்சல் அனுப்புற ஆபீஸ்.

— பார்சல் ஆபீஸ்ல மூஞ்சில லைட்டு அடிக்கிறாங்களா? நல்ல ஆபீஸ்.

— அது... சரி, நீங்க என்னமோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கீங்களே, என்ன பாட்டு மேடம்?

— இதெல்லாம் ரேடியோவுல வராது சார். நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட். சொந்தமா எழுதி, சொந்தமா மெட்டுப் போட்டு, பர்னிச்சர் கடை மாடியில ஒரு சின்ன ஹால்ல வாசிப்பாங்க. ரிப்பேருக்கு வந்த கண்ணாடிக் கூட்டுக்குள்ள அவங்க நோட்டீஸ் மடிச்சு இருந்துச்சு. சும்மா எட்டிப் பாப்போம்னு போனேன். அதுலேர்ந்து இருபத்து மூணு தடவை போயிட்டேன்.

— இருபத்து மூணா! போன்ல கேட்டா போதாதா?

— என்ன சார் நீங்க! போன்ல காதுக்கு மட்டும்தான் கேக்கும். அங்க நின்னா முதுகெலும்புக்கே கேக்கும். நான் எப்பவும் தூண்ல சாஞ்சிக்கிட்டு நிப்பேன், பேஸ் கிட்டார் அந்தத் தூண் வழியா ஏறி உள்ள வரும். ‘அக்கா, இந்த வயசுல உனக்கு ஏன் இந்தக் கூத்து’ன்னு என் தங்கச்சி சிரிப்பா. சிரிக்கட்டுமே. வாரம் முழுக்க இந்த இருட்டு ரூம்ல அடுத்தவங்க கண்ணைப் பாக்கறேன், ஒரு சாயங்காலம் எனக்குன்னு வேண்டாமா?

— கண்டிப்பா வேணும்... அந்த நாலு பேர்ல யாரு கெட்டி?

— ட்ரம்ஸ் ஆளு கில்லாடி. பாடுற பொண்ணு நம்ம உசுரையே உருவிடுவா. அந்த பேஸ் வாசிக்கிறவருதான்...

— அவருக்கு என்ன?

— தலையே நிமிர மாட்டாரு. தரையில எதையோ தொலைச்சிட்டுத் தேடுற மாதிரி வாசிப்பாரு.

— கவனமா வாசிக்கிறாரு மேடம்! விரலைப் பாக்க வேணாமா?

— உங்களுக்கு ஏன் சார் ரோஷம் வருது? ஆடாதீங்க. ஒன்னா, ரெண்டா, எது தெளிவா இருக்கு?

— ரெண்டும் ஒரே மாதிரிதான்... சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்காமே. போவீங்கல்ல?

— இல்ல. ரெண்டு மாசமா போறதை நிறுத்திட்டேன்.

— ஏன் மேடம்? இவ்வளவு ஆசையா பேசறீங்க...

— ஒரு தப்புப் பண்ணிட்டேன். நான் கடைசியா போன அன்னிக்கு, முதல் ஆல்பத்துக்காக நிகழ்ச்சியை அப்படியே ரெக்கார்ட் பண்ணாங்க. கடைசிப் பாட்டு நடுவுல எல்லாரும் சட்டுன்னு நிறுத்தினாங்க. முடிஞ்சுதுன்னு நினைச்சு நான் கை தட்டிட்டேன்.

— ஒருத்தர் தட்டினதுல என்ன ஆயிடும்?

— நான் தட்டினா மொத்த ஹாலும் தட்டும் சார். புதுசா வர்றவங்களுக்குப் பாட்டு எங்க முடியும்னு தெரியாது, என்னைப் பாத்துத்தான் தட்டுவாங்க. பாட்டு பாதியிலயே போச்சு. அந்தப் பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. கண்ணு கலங்கிருச்சு. மறுநாள் அவங்க பேஜ்ல ‘முழுசா கேட்டுட்டுத் தட்டுங்க ப்ளீஸ்’னு எழுதியிருந்தா.

— அந்தக் கோவம்லாம் அப்பவே போயிருச்சு மேடம்! ‘தூண் மேடம் வரலையா’ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறா. தூண் பக்கம் காலியா இருந்தா ட்ரம்மருக்குக் கையே ஓட மாட்டேங்குது. போன தடவை நல்ல கூட்டம். ஆனா எங்க தட்டணும்னு ஒருத்தருக்கும் தெரியல. பாட்டை முடிச்சிட்டு முழிச்சிக்கிட்டு நிக்கிறோம்... நிக்கிறாங்க.

— நிக்கிறோமா, நிக்கிறாங்களா? மூஞ்சியை எடுக்காதீங்க. டெஸ்ட் இன்னும் முடியல.

— நிக்கிறோம் மேடம். நான்தான் அந்தத் தரையைப் பாக்குற ஆளு.

— அது நீங்க கதவைத் திறந்தப்பவே தெரியும். எதுக்கு வந்தீங்கன்னுதான் புரியல.

— தெரிஞ்சுக்கிட்டேவா என்னைக் கிண்டல் பண்ணீங்க!

— பின்ன, பார்சல் ஆபீஸ்னா விட்டுடுவேனா? இந்தக் கடை எப்படித் தெரியும்?

— ட்ரம்மர் கண்ணாடியில ஸ்க்ரூ கழண்டப்ப, ஹாண்ட்பேக்லேர்ந்து குட்டி ஸ்க்ரூடிரைவர் எடுத்து மாட்டிக் கொடுத்தீங்களே. அவன்தான் சொன்னான். மேடம்... லைட்டைப் போட்டுடாதீங்க. இந்த இருட்டுலயே ஒன்னு சொல்லிடறேன். நேருக்கு நேரா பாத்தா வாய் வராது.

— சொல்லுங்க.

— கடைசிப் பாட்டுல அந்த நிறுத்தத்துக்கு அப்புறம் நான் மட்டும் தனியா ஆரம்பிக்கணும். முதல் தடவையா எனக்குன்னு ஒரு இடம். ஒரு மாசம் வீட்டுல பழகினேன். கேட்டுக் கேட்டு என் பொண்ணு பல் தேய்க்கிறப்பகூட அதைத்தான் பாடுவா. அன்னிக்கு... மறந்துட்டேன் மேடம். சுத்தமா. எந்தக் கம்பியில ஆரம்பிக்கணும்னே தெரியல.

— ம்...

— நாலு எண்ணிக்கை சும்மா இருந்துட்டு நான் வரணும். எட்டு, பத்து, பன்னெண்டுன்னு எண்ணிக்கிட்டே நிக்கிறேன். அந்த நேரத்துல நீங்க தட்டினீங்க. ஹாலே தட்டிச்சு. நான் தப்பிச்சேன். பழி உங்க மேல விழுந்துச்சு. ரெண்டு மாசமா வாயைத் திறக்காம இருந்துட்டேன். வெக்கமா இருக்கு மேடம். நேத்து ப்ராக்டிஸ்ல மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன்.

— சொல்லிட்டீங்களா? நீங்களாவேவா?

— நானாத்தான். அந்தப் பொண்ணு வாய்க்கு வந்தபடி திட்டினா. அப்புறம் ‘சரி, சனிக்கிழமை அதையே மறுபடி ரெக்கார்ட் பண்ணுவோம், நீதான் தனியா ஆரம்பிக்கணும்’னுட்டா. உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்லத்தான் வந்தேன்.

— மூணு பேருக்கும் இப்பத் தெரியும்?

— தெரியும் மேடம்.

— அப்பாடா!

— என்ன அப்பாடா?

— இனிமே நானும் வரலாம்ல. கம்பி மேல உங்க விரல் இடம் தெரியாம அலைஞ்சதைத் தூண் பக்கத்துலேர்ந்து நல்லாப் பாத்தேன் சார். பாட்டு முடியலன்னும் தெரியும், தெரிஞ்சேதான் தட்டினேன். மறுபடி வந்தா, ‘ஏன் தட்டினீங்க’ன்னு அந்தப் பொண்ணு நேரா கேப்பா. அவ மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லவும் முடியாது, உங்களைக் காட்டிக் கொடுக்கவும் மனசு வரல... அதான் ஒதுங்கிட்டேன். சனிக்கிழமை நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்க, நான் கையைக் கட்டிக்கிட்டே நிக்கிறேன்.