ஐந்து வீட்டுப் பிரிட்ஜ்

வெயிலும் தூசியும் முண்டியடித்து ஜன்னலேறிய ஒரு முற்பகல். ஹெப்பகோடி போகும் பேருந்தில், என் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்:

"பிரிட்ஜைப் பூட்டி, சாவிய பாக்கெட்ல போட்டுனு வந்துட்டேன்."

"எதுக்குங்க பூட்டினீங்க?"

"வரிசையில அஞ்சு வீடும் பால், மாவு, மல்லிப்பூன்னு நம்மளதுலதான் வெக்கிறாங்க. நிமிஷத்துக்கு ஒருத்தர் திறந்தா கூலிங் எங்க நிக்கும்? நம்ம தக்காளி அழுகுது."

"தக்காளியா! பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோட வீட்டுக்காரருக்கு வேண்டிய இன்சுலின் உள்ள இருக்குதுங்க. மதியம் சாப்பிடறதுக்கு முன்னாடி ஊசி போடணும். அதுக்குத்தானே வீட்டுச் சாவிய அவங்ககிட்ட குடுத்துட்டு வந்தேன்!"

"எங்கிட்ட சொல்லலியே?"

"முட்டை வெக்கிற தட்டுல ஒரு மாசமா இருக்குது. தினம் அதத் தாண்டித்தான் தண்ணி பாட்டில் எடுக்கிறீங்க."

அவர் பதறி எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைப் பார்த்துக் கன்னடத்தில் கத்தினார்: "நில்சி சார், நில்சி!"

"இப்ப திரும்பிப் போனா ரெண்டு மணி நேரம் ஆவும்" என்றார் மனைவி. "இறங்கி, பூத்துலருந்து நம்ம தெரு முனைக் கடைக்கு போன் பண்ணுங்க. அக்காவ பூட்ட உடைக்கச் சொல்லுங்க."

"புது பிரிட்ஜும்மா…"

"கதவையே பேத்து எடுக்கச் சொல்லுங்க!"