எண்ணிக்கை சரியாக இருந்தது

“டுடுக்! டுடுக்!”

உட்காரச் சொல்லி வார்டர் கத்துகிறார். இரும்புக் கதவில் தடி மோதுகிறது. ணங். ணங். ஐந்தைந்து பேராகக் குந்துகிறோம். முட்டியோடு முட்டி. தோளோடு தோள். மலேசியாவில், ஜொகூரில் ஒரு சிறை. மதிய எண்ணிக்கை. தீபாவளி முடிந்த வாரம்.

பத்துப் பேருக்குக் கட்டிய அறை. முப்பது பேர் இருந்தோம். எள் போட்டால் எள் விழாது என்பார்கள். அதை அங்கேதான் பார்த்தேன்.

என் இடப்பக்கம் முனியாண்டி அண்ணன். கோத்தா திங்கியில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பையில் பொட்டலம் இருந்ததாக வழக்கு. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இரசாயன அறிக்கை வர வேண்டும். வரவில்லை. கோர்ட்டுக்குப் போவார். வேறொரு தேதியோடு திரும்புவார். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. ஜாமீனுக்கு ஆள் இல்லை. வெளியே போலீஸ் ஆள் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை.

அண்ணனுக்கு இழுப்பு. ஜன்னல் கம்பிக்குக் கீழ் இடத்தை அவருக்கே விட்டிருந்தோம். மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம் அதுதான். அந்த வாரம் இன்னும் ஆட்களைத் தள்ளினார்கள். அதில் ஒரு பெரியவர் இரத்தமாக இருமினார். அண்ணன் தானே எழுந்து அவருக்கு இடம் விட்டார். கதவுப் பக்கம் காற்று கிடையாது. இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. கிளினிக்குக்குப் பெயர் கொடுத்தோம். அங்கேயும் கூட்டம்.

எண்ணும்போது ஆள் சாயக்கூடாது. எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. குளிக்கும் நேரம் போய்விடும். அதனால் உடம்புக்கு முடியாத ஆளை இருபுறமும் தோளால் முட்டுக் கொடுத்து நிறுத்துவோம். அது எங்கள் பழக்கம். அதை உதவி என்றே நம்பினோம்.

அண்ணனின் தலை என் தோளில் விழுகிறது. நெஞ்சில் விசில் சத்தம். பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான்.

“சாயாதீங்கண்ணே! எண்ணுறாங்க!”

நான் தோளை அழுத்துகிறேன். அந்தப் பக்கத்து ஆளும் அழுத்துகிறார். சத்தம் நிற்கிறது. கண் அசந்துவிட்டார், நல்லதுதான் என்று நினைத்தேன். வார்டர் கதவுக்கு வெளியே நின்று விரல் நீட்டி எண்ணி முடித்தார். முப்பது. அடுத்த அறைக்குப் போனார். எழுந்தோம். தோள்கள் விலகின. அண்ணன் அப்படியே சரிந்தார்.

வார்டரைச் சிக்கு என்போம். வாத்தியார் என்று அர்த்தம்.

“சிக்கு! ஆளு விழுந்துட்டாரு! செப்பாட் லா, சிக்கு! சீக்கிரம்!”

அத்தனை அறைக்கும் வார்டர் இரண்டே பேர். சாவி வந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. எனக்குக் கோபம் இருக்கிறது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

இழந்தவற்றைச் சொல்கிறேன். முனியாண்டி அண்ணன். கோர்ட்டில் போட அவர் மனைவி கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். வராத அந்த அறிக்கை. என் இடது தோள். பஸ்ஸில் யாராவது தூங்கிச் சாய்ந்தால் இன்றும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

மாலையில் மறுபடி எண்ணினார்கள். அதற்குள் புதிதாக ஒருவரை அனுப்பியிருந்தார்கள். அண்ணன் குந்திய இடத்தில் குந்தினார்.

முப்பது. ஆள் குறையவில்லை.