வாசலை அடைத்த சுவர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நிவாரணக் கணக்கு எடுப்பவர்கள் வாயால் சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் என் அக்காவை வெள்ளச் சாவுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

தண்ணீர் இடுப்பில் நிற்கிறது. அக்கா என் முதுகில். அவள் கை என் கழுத்தை இறுக்குகிறது. கூடத்திலிருந்து வாசலை நோக்கி நடக்கிறேன். தண்ணீர் கறுப்பு. அடியில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்.

“சொவரு! சொவரு! பாத்து வாடா!”

தொடையில் இடித்தது. இருவரும் விழுந்தோம். அவள் தலை தண்ணீருக்குள் போனது.

அந்தச் சுவரைக் கட்டியவன் நான். நன்றாகக் கட்டினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் வீடு நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. நானும் அக்காவும் மட்டும். அவள் பெயர் இராணி. புருஷன் செத்த பிறகு என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்குகிறேன். அக்காவுக்குச் சர்க்கரை. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்குள் மட்டும் நடப்பாள்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் வேலை தொடங்கும். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் மூடிபோட்ட டிரம்மில் பரணுக்கு ஏறும். தீப்பெட்டி இரண்டு பாலித்தீன் பைக்குள். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் பால் பவுடர் டப்பாவுக்குள். சின்ன சிலிண்டர். டார்ச். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கேன். அக்காவின் மாத்திரை, பஞ்சு, கட்டுத் துணி. கயிறு. எல்லாம் பரண்மேல். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது. இது அக்காவின் சட்டம். எனக்கும் அது வசதி. அடுத்தவர் கதவைத் தட்டுவது எனக்குச் சாவு மாதிரி.

கடைசியாகச் சுவர். எங்கள் சந்தில் தாழ்ந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்வது. மழைக்கு முன்னால் வாசற்படியின்மேல் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசி அடைத்துவிடுவோம். தாண்டித்தான் போய்வர வேண்டும். பொங்கலுக்கு இடிப்போம். தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். ரோடு ஏறியது. வீடு இறங்கியது. சுவரும் வருஷத்துக்கு வருஷம் உயர்ந்தது. இந்த முறை தொடை உயரம்.

எதிர்வீட்டுக்காரர் பெர்னார். பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். தெருவே அவரை முசே என்று கூப்பிடும், பிரெஞ்சில் ஐயா மாதிரி. வீட்டை உயர்த்திக் கட்டி மாடி எடுத்தார். கார் ஏறச் சந்துக்குள் சிமெண்டுச் சரிவு போட்டார். அன்று முதல் அவர் வீட்டு மழைத்தண்ணீர் எங்கள் வாசலுக்கு வருகிறது. அக்கா கேட்டாள். அவர் சிரித்தார். அதோடு பேச்சு நின்றது. ஏச்சு நிற்கவில்லை.

நான் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கேட்டார்.

“இன்னாடா ஏழுமலை, கோட்டை கட்டுறியா? பீரங்கி எங்க?”

நான் அடுத்த செங்கல்லை வைத்தேன். அக்கா உள்ளேயிருந்து பதில் சொன்னாள்.

“பீரங்கிய முசே வித்துத்தான மாடி கட்டுனாரு. அங்க கேளு.”

மழை மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை சந்தில் முழங்கால் தண்ணீர். எங்கள் கூடம் காய்ந்து கிடக்கிறது. சுவர் ஒரு சொட்டு விடவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். முகம் எல்லாம் சிரிப்பு.

“முசே கார் மெதக்குதா பாருடா,” என்றாள்.

பார்த்தேன். இன்னும் மிதக்கவில்லை என்றேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு அந்தச் சத்தம். குளியலறையிலிருந்து. களக். களக். தொண்டையில் தண்ணீர் சிக்கியது போல. ஓடிப்போய்ப் பார்க்கிறேன். கழிவுநீர்த் துவாரத்தின் மூடி துள்ளுகிறது. கல்லைத் தூக்கி வைத்தேன். மணல் மூட்டை வைத்தேன். டொப் என்று ஒரு சத்தம். மூட்டை நகர்ந்தது. கறுப்புத் தண்ணீர் தரையில் பரவியது. பீ நாற்றம்.

சாக்கடைக்கு வாசல் தேவையில்லை. அது வீட்டுக்கு அடியில் இருக்கிறது.

வெளியே கூச்சல். பெரிய வாய்க்கால் கரை உடைந்துவிட்டது. அந்த வாய்க்காலைத் தூர்வாரி எத்தனை வருஷம் என்று தெருவில் யாருக்கும் நினைவில்லை. கரையில் கடைகள் கட்டினார்கள். வாய்க்காலுக்குள் குப்பை கொட்டினார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டது.

பெர்னார் மாடியிலிருந்து கத்தினார்.

“சொவத்த உடைடா! ராணியத் தூக்கிட்டு மேல வா! தண்ணி இன்னும் ஏறும்!”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அந்தாளு படியில நான் கால் வைக்க மாட்டேன். நம்மகிட்ட எல்லாம் இருக்குது. கட்டில உயர்த்து.”

கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்தேன். தண்ணீர் செங்கல்லை மூடியது. இன்னும் வைத்தேன். வெளியிலிருந்து சுவரைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கியது. ஓட்டை விழுந்த தொட்டி போல ஒரு இரைச்சல். ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது. பரண் தலைக்கு மேலே. நான் ஏறலாம். அந்தக் காலோடு அவள் ஏற முடியாது. எங்களுக்கு வேண்டிய எல்லாம் அங்கே காய்ந்து இருந்தது. அவள் இங்கே நனைந்துகொண்டிருந்தாள். கால் கட்டு ஊறிக் கறுத்துவிட்டது.

அப்போதுதான் சொன்னாள். “சரி, தூக்குடா.”

மேலே எழுதியது அதன் பிறகு நடந்தது. சுவர் எங்கே என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் தள்ளியது. கணக்குத் தவறியது. விழுந்தோம்.

அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன். இருமினாள். சுவருக்கு மேலே தூக்கிவிட முடியவில்லை. கால் வழுக்கியது. கடையில் ஒரே நேரத்தில் இரண்டு மூட்டை தூக்குகிறவன் நான். அன்று என்னால் முடியவில்லை. பெர்னார் கடப்பாரையோடு இறங்கி வந்தார். இடுப்பளவுத் தண்ணீர். எழுபது வயசு தாண்டியவர். தண்ணீருக்குள் கடப்பாரையை விட்டுக் குத்தினார். டண். டண். சுவர் அசையவில்லை. பிரெஞ்சில் ஏதோ திட்டினார். பிறகு தமிழில்.

“எவன்டா இவ்ளோ சிமெண்டு போட்டது?”

“என் தம்பிதான்,” என்றாள் அக்கா. அந்த நிலையிலும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

இரண்டு செங்கல் பெயர்ந்தது. அந்த இடைவெளியில் அவளை இழுத்தோம். உடைந்த செங்கல் முனை கால் கட்டைக் கிழித்தது. புண் திறந்துகொண்டது. சாக்கடைத் தண்ணீரில்.

பெர்னார் மாடியில் இரண்டு நாள் இருந்தோம். ரொட்டிப் பொட்டலம் போட டிராக்டர் வந்தது. சந்து முனையில் நின்று வீசினார்கள். பாதி தண்ணீரில் விழுந்தது. அதைப் படம் எடுத்தார்கள். நான் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பரணிலிருந்து அரிசி, கருவாடு, சிலிண்டர், மருந்து எல்லாம் கொண்டுவந்தேன். அக்கா தன் புண்ணைத் தானே கழுவிக் கட்டினாள். உட்கார்ந்தபடி சோறு ஆக்கினாள். பெர்னாருக்கும் ஒரு தட்டு என் கையில் கொடுத்தனுப்பினாள். நேரில் கொடுக்கவில்லை.

“கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லு,” என்றார் அவர், அவள் காதில் விழும்படி.

“உப்பு கம்மின்னு எனக்குத் தெரியும்னு சொல்லு,” என்றாள் அவள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கால் முழங்கால் வரைக்கும் வீங்கியது. மீன்பிடிப் படகு ஒன்று பிள்ளைச்சாவடியிலிருந்து லாரியில் வந்து சந்துக்குள் இறங்கியது. அந்த ஆட்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் யாரையும் கேட்காமல் வந்தவர்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர்கள் பார்த்தார்கள். புண் வழியாக விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். அங்கே சேர்த்த ஐந்தாம் நாள் விடியற்காலையில் அக்கா போய்விட்டாள். கடைசியாக என்னிடம் கேட்டது, பரண் டிரம்மை மூடினாயா என்று.

தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு. கூடத்துச் சுவரில் தண்ணீர்க் கறையை அளந்தாள்.

“முன்னெச்சரிக்கையா எதுவும் பண்ணி வைக்கலையா சார்?” என்றாள்.

பரணைக் காட்டினேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எதையோ எழுதினாள். உயிர்ச்சேதம் உண்டா என்றாள். அக்கா என்றேன். எங்கே இறந்தார் என்றாள். ஆஸ்பத்திரியில் என்றேன். அப்படியானால் அது காய்ச்சல் சாவு, வெள்ளச் சாவில் வராது என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அவள்மேலும் கோபம். அவளை அனுப்பியவர்கள்மேல் இன்னும் கோபம்.

பெர்னார் எதிர்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்தார். “எழுதும்மா. நான் சாட்சி,” என்றார். அவள் எழுதவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப நீ எழுதுடா,” என்றார். அவர் வீட்டுச் சரிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போனவை. கட்டில். மெத்தை. ஃபிரிட்ஜ். தையல் மிஷின். துணி முழுவதும். அம்மா அப்பா சேர்ந்து இருந்த ஒரே படம்.

போகாதவை. ரேஷன் கார்டு. பத்திரம். தீப்பெட்டி. பாதி டிரம் அரிசி. ஒரு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை.

எங்கள் சந்தில் போனவை. கடைசி வீட்டுப் பசுவும் கன்றும். பெர்னார் கார். கோழிகளை யாரும் எண்ணவில்லை.

வெள்ளத்தில் செத்தவர். ஒருவர். இராணி. வயது ஐம்பத்தெட்டு. எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தவள்.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் எழுதி முடித்தேன்.