தேய்க்கக் கூடாத வெள்ளி

பழைய வெள்ளிக் காசைத் துணியால் துடைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு துடைத்தாலும் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

வாயால் சொன்னால் கோர்வையாக வராது என்று தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். நன்றி. தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் கூட்டாமல் குறைக்காமல் ஆக்கித் தரட்டும்.

என் பெயர் இந்திரகுமார், வயது அறுபத்தொன்று. கிரவீன், பென்டில் ஹில் பக்கம் தமிழ் வீடுகளில் யாரைக் கேட்டாலும் 'காசு அங்கிள்' என்பார்கள். எந்த வீட்டு அலமாரியில் பழைய நாணயம் அகப்பட்டாலும் முதலில் என்னிடம்தான் வரும். முப்பது வருடமாக நான் அசல் என்றது அசல், போலி என்றது போலி. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இந்த நாட்டில் நான் சேர்த்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான்.

கோபாலகிருஷ்ணன் தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். அமெரிக்காவில் இருபது வருடம் இருந்துவிட்டு, மனைவி விமலாவுடன் கிரவீனில் மகள் ஹரிப்பிரியாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். புதன்கிழமை மத்தியானம் ஒரு காசைக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொண்டு வந்தார்.

"பாஸ்டன்ல ஒரு வீட்டுச் சாமான் வித்தாங்க, அதுல வாங்கினது. நிஜம்தானா பாருங்க சார். இல்லைன்னா கேரம் போர்டுக்கு ஸ்ட்ரைக்கரா வச்சுக்கறேன்."

1795. அமெரிக்கர்கள் டொலர் அடிக்கத் தொடங்கிய இரண்டாவது ஆண்டு. ஒரு பக்கம் கூந்தல் அவிழ்ந்த பெண், மறுபக்கம் கழுகு. மழைமேகத்தின் சாம்பல் நிறம். எழுத்துகளின் இடுக்கில் கருமை. அந்தக் கருமைதான் காசின் தோல். இருநூறு வருடக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போர்த்தியது. தோலோடு இருந்தால் ஐம்பதாயிரம் டொலர் பெறும். தோல் போனால் மூன்றில் ஒரு பங்குதான்.

"அசல்தான்," என்றேன். "ஆனா பெரிசா விலை போகாது அண்ணை. ஆறாயிரம் தரலாம்."

இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அது கைக்குட்டையில் கிடந்த ஓர் உலோகத் துண்டு. மிச்சம் நாற்பத்து நாலாயிரமும் என் கண்ணுக்கான கூலி. அவர் சந்தோஷமாகத்தான் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பணத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் வேலை விஷயமாக மெல்பேர்ன் போயிருந்தாள். விமலா கதவைப் பாதிதான் திறந்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெள்ளியை வெளிய கொடுப்பாங்களா? லட்சுமி போயிடுவா. நாளைக்கு வாங்க."

"ஓம் அக்கா, லட்சுமி ஒருநாள் நிண்டிட்டு வரட்டும்," என்று சிரித்துவிட்டு வந்தேன். நான் பொறுமைசாலி. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். காபி தந்தார்கள். காசை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து, பக்கத்தில் இரண்டு வெற்றிலையும் வைத்திருந்தார்கள். தட்டைவிடக் காசு மின்னியது.

"நேத்து பூஜைச் சாமான் தேய்ச்சேன்," என்றார் விமலா. "அப்படியே இதுக்கும் புளி போட்டு, விபூதி வச்சுத் தேய்ச்சேன். அழுக்கோட எப்படிங்க ஒருத்தர் கையில கொடுக்கறது?"

"புதுசாட்டம் ஆயிடுச்சு," என்றார் கோபாலகிருஷ்ணன். "இன்னொரு ஐநூறு சேர்த்துக்கலாமா சார்?"

நான் கோபப்படவில்லை. "ஏன் அக்கா கழுவினியள்?" என்று மட்டும் கேட்டேன்.

விமலா தட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். "அதை விடுங்க, இதைப் பாருங்க. தேய்க்கத் தேய்க்க விளிம்புல செம்பு தெரியுது. மேல வெறும் வெள்ளி முலாம். எங்கப்பா பாத்திரக்கடை வச்சிருந்தார், எனக்குத் தெரியாதா?" சிரித்தார். "என்னங்க, காசு அங்கிளுக்கே காசு தெரியலையே."

"சும்மா இரு விமலா," என்றார் கணவர். அவரும் சிரித்தார். "ஒரு போட்டோ எடுத்து நம்ம தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல போடறேன். நானூறு பேர் இருக்காங்க, யாராவது தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

போனை எடுத்தார்.

அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளியில் பத்தில் ஒரு பங்கு செம்பு கலந்திருக்கும். அவர்களுடைய சட்டமே அப்படி. செம்பு தெரிந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் இருநூறு வருடத் தோலை ஒரு மணி நேரத்தில் உரித்துவிட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அதை எப்படி விளக்குவது? ஓர் அரிய பொருளுக்குச் செய்த கொடுமைக்காகத்தான் எழுந்தேன். வேறு காரணம் இல்லை.

பித்தளைக் குத்துவிளக்கைக் கழுவிச் சுவரோரம் காய வைத்திருந்தார்கள். நல்ல கனம். முதலில் போன் பிடித்திருந்த கையில் அடித்தேன். எலும்பு முறிந்தால் விறகு முறிவது போலக் கேட்கும் என்பார்கள். அப்படி இல்லை, அது ஈரமான சத்தம். அவர் குனிந்து கையைப் பிடித்தபோது பின்மண்டையில் ஓர் அடி.

விமலா குசினிக்குள் ஓடினார். பின்னாலேயே போனேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். "சார், அது நிஜம் சார். நிஜக் காசுதான் சார்," என்றார். அதை ஐந்து நிமிடம் முன்பே சொல்லியிருக்கலாம். மூன்று அடி. மூன்றாவது தேவையில்லை என்று உங்கள் டொக்டர் எழுதியிருக்கிறாராம். எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை.

திரும்பி வந்தபோது கோபாலகிருஷ்ணனுக்கு உயிர் இருந்தது. வாயில் ரத்தம் குமிழிட்டது. "ஆம்பு..." என்றார், பாதிதான் வந்தது. கதிரையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியில் காசின் விளிம்பைப் பார்த்தேன். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இருபது நிமிடம் பார்த்தேன். பாதியில் அவர் என் கால்சட்டையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். அதன்பின் அறை அமைதியாகிவிட்டது, கவனிக்க வசதியாக இருந்தது.

ஆறாயிரம் கொண்டுபோயிருந்தேன். கழுவிய காசுக்கு மூன்றில் ஒரு பங்குதான் நியாயம். இரண்டாயிரத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டேன். ஆகவே குற்றப்பத்திரிகையில் திருட்டு என்று இருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இரண்டு கொலைகளும் நான் செய்தவை. அதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

கடைசியாக, உங்கள் நிபுணரின் றிப்போர்ட். முலாம் பூசிய போலி என்கிறார். புதன்கிழமையே ஏன் நிறுத்துப் பார்க்கவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். தராசை எடுத்தால் விற்பவனுக்கு ஆசை வந்து விலை ஏறிவிடும். வாங்குகிறவன் கொட்டாவி விட வேண்டும். இது தொழில். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நிறுத்தேன். இருபத்தேழு கிராமில் நிற்க வேண்டியது இருபத்து மூன்றில் நின்றது.

நாலு கிராம். புளியும் விபூதியும் வைத்து அந்த அம்மா எவ்வளவு அழுத்தித் தேய்த்திருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.