உதறிய சட்டை

எங்கள் எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரமாட்டார்கள், சார். வாசலிலேயே கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குளித்த பிறகுதான் உள்ளே வருவோம். சட்டையில் அலுமினியத் தூளும் கந்தகமும் ஒட்டியிருக்கும். நெஞ்சுக்கு ஆகாது.

எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு. மூச்சு முட்டினால் வாயில் மருந்தடிக்கும் பம்பு எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் தேறினேன். நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் என்னைக் கழித்துவிட்டார். இளைப்பு இருந்தால் எடுக்கமாட்டார்களாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டம் அப்படி.

அடுத்து என் தம்பி பிரபாகரன் ஓட ஆரம்பித்தான். அவனுக்கு நெஞ்சு சுத்தம். அம்மா என் ஷூவை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"ஏலே மாரி, ஒனக்கு இனி எதுக்குலே இது? கம்பெனி வேன்ல ஏறவா?"

"எனக்குன்னே தச்ச மாதிரி இருக்குண்ணே" என்று தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையில் என்னைவிட அவனுக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டையை அவன் தலையணைமேல் உதறினேன். தூள் தெரியாமலிருக்க, சாம்பல் நிற உறை ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். கந்தக வாடை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. சீசன் முழுக்க உதறினேன். வன்மம் என்று சொல்லமுடியாது. அவனுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

தீபாவளி லோடு ஏறி முடிவதற்குள் அவனுக்கு இருமல் வந்தது. பிறகு மூச்சில் விசில். என்னிடம்தான் முதலில் சொன்னான்.

"ஒனக்கு இருக்கறதுதானாண்ணே இது? எடுக்க மாட்டாகளோ?"

"சளிடா. ஆசுபத்திரிக்கிப் போயிராத, எழுதிக் குடுத்துருவாக. எம் பம்ப அடிச்சுக்கோ."

என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கும் உதறினேன்.

விருதுநகர் மைதானத்தில் ராணுவத்துக்கு ஆள் எடுத்த அன்று அவன்தான் முதலாவதாக ஓடி வந்தான். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும். தேறியவர்களைக் கம்பி வேலியோரம் உட்காரவைத்தார்கள். அடுத்தது மருத்துவச் சோதனை. வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பி இடுக்கில் கையை நீட்டினான்.

"அண்ணே... பம்பு..."

"பொறுடா. அங்கன டாக்டருமாரு நிக்காக. பாத்தா கழிச்சிருவாக."

தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதைக் கேட்கிறவன். கம்பியில் சாய்ந்துகொண்டான். அவர்கள் கவனித்து ஓடி வருவதற்குள் நீட்டிய கை தொங்கிவிட்டது.

பம்பு என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் மருந்தும் இருந்தது.

தலையணை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பம்புக்காக என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. கொடுத்திருந்தால் அவனை ராணுவத்தில் எடுத்திருக்கமாட்டார்கள். கூடப்பிறந்த அண்ணன், அதை நான் எப்படிச் செய்வேன்?